ஏட்டுச் சுரைக்காயும் மந்தை நாயும்

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. நூலறிவோடு நின்றுவிடுவோரை இடித்துரைக்க எழுந்த மொழி அது. இன்று அப்பழமொழியைச் சற்றே வேறொரு பொருளின்மேல் வைத்துப் பார்க்க எண்ணுகிறேன். மேலை நாடுகளில் மந்தை மேய்க்கும் நாய்களை வளர்ப்போர் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு வம்சாவளிச் சான்று வைத்திருக்கிறார்கள். தந்தையின் பெயரும் பதிவெண்ணும், தாயின் பெயரும் பதிவெண்ணும், பாட்டன் பாட்டிமாரின் பெயர்களும் அதில் நிரல்பட எழுதப்பட்டிருக்கும். அத்தாள் ஏட்டுச் சுரைக்காய்தானா? அன்றி, மலைச்சாரலில் ஆடு மேய்ப்பவனுக்கு அதனால் உண்மையாகவே ஏதேனும் பயன் உண்டா?

"நாய்க்கு ஜாதகமா?" என்று சிலர் நகைக்கக்கூடும். நானும் தொடக்கத்தில் நகைத்தவனே. ஆனால் அந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க, நாயைப் பற்றிய சிறு வழக்காகத் தோன்றியது, மாணவர்கள் எல்லோரும் சிந்திக்கத்தக்க பெரிய வழக்கு என்பதை உணர்ந்தேன். ஒரு சான்றிதழ் எதற்குச் சான்று கூறுகிறது என்பதே அவ்வழக்கு.

என் இளமையில் தந்தையாருடன் மாட்டுச் சந்தைக்குச் சென்றது நினைவிற்கு வருகிறது. உழவர்கள் காளையை விலை பேசுமுன் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். சுழி எங்கே விழுந்திருக்கிறது என்று நோக்குவார்கள். எந்த ஊர்ப் பசுவின் ஈற்று என்று வினவுவார்கள். இவையெல்லாம் முடிந்த பிறகும் என் தந்தையார் பணப்பையை அவிழ்க்கமாட்டார். "வண்டியில் பூட்டிக் காட்டுங்கள்" என்பார். தோற்றம், பிறப்பு, செயல் என்னும் மூன்று சோதனைகளும் அங்கே அடுத்தடுத்து நிகழ்ந்தன. இம்மூன்றில் எதற்கு முதலிடம் தருவது என்பதில்தான் நாய் வளர்ப்போர் ஒன்றரை நூற்றாண்டாகப் பிணங்கி வந்திருக்கிறார்கள்.

முதலில் மந்தை நாயின் தொழிலை அறிந்துகொள்வோம். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையேயுள்ள எல்லைப்புறக் குன்றுகளில் செம்மறி ஆடுகள் வேலியற்ற பரந்த மேய்ச்சல் நிலங்களில் சிதறித் திரியும். மேய்ப்பன் அடிவாரத்தில் நின்று ஒரு சீழ்க்கை ஒலிப்பான். நாய் நேரே ஆடுகளை நோக்கி ஓடாது. அவ்வாறு ஓடினால் அவை வெருண்டு நாற்புறமும் சிதறும். ஆகவே அது பேரிக்காய் வடிவில் அகன்று வளைந்து ஓடி, ஆடுகளுக்கு அப்பால் சென்று நின்று, மெல்ல அடியெடுத்து வைத்து, அவற்றைத் தன் தலைவனை நோக்கி நகர்த்தும். குரைப்பதில்லை; கடிப்பதில்லை. உடலைத் தாழ்த்தி, இமைக்காமல் உற்று நோக்கியே ஆடுகளை அடக்கும். இதனை அந்நாட்டு மேய்ப்பர்கள் 'கண்' என்றே குறிப்பிடுகிறார்கள். பிறகு மந்தையை ஓட்டிச் செல்லுதல், குறித்த ஆடுகளைப் பிரித்து எடுத்தல், பட்டியில் அடைத்தல் ஆகிய பணிகள் தொடரும். நல்ல நாய் இல்லாத மேய்ப்பன் அக்குன்றுகளில் ஆட்கள் பலரைக் கூலிக்கு வைத்தாலும் அவ்வேலையைச் செய்து முடித்தல் அரிது.

இத்திறத்தில் ஒரு பகுதி பயிற்சியால் வருவது. ஆனால் அதன் வேர் பிறவியிலேயே இருக்கிறது. வளைந்து ஓடும் விருப்பமும், உற்று நோக்கும் இயல்பும், வேட்டை வேகம் உடலில் துடிக்கும்போதும் தலைவனின் ஒலிக்குச் செவி சாய்க்கும் பண்பும் குட்டிப் பருவத்திலேயே தலைகாட்டும். இவை வம்சத்தில் வருவன. ஆனால் தவறாமல் வருவன அல்ல. தேர்ந்தெடுத்துப் பொலிக்கு விட்டால் நிலைக்கும். தேர்ந்தெடுப்பதை நிறுத்திவிட்டால் சில தலைமுறைகளில் சிதறிப் போகும்.

வம்சாவளி ஏடுகள் நாய்களுக்கென்று தோன்றியவை அல்ல. பந்தயக் குதிரைகளுக்கான பொதுப் பதிவேடு இங்கிலாந்தில் 1791ஆம் ஆண்டில் வெளிவந்தது. குறுங்கொம்பு மாடுகளுக்கான ஏட்டை 1822ஆம் ஆண்டில் கோட்ஸ் என்பவர் வெளியிட்டார். வம்சாவளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே, பிரெஞ்சு மொழியில் 'நாரையின் கால்' என்னும் பொருள் தரும் தொடரிலிருந்து பிறந்தது என்பர். பெற்றோரிலிருந்து மக்களுக்குக் கிளைக்கும் கோடுகள் ஈரமண்ணில் பதிந்த நாரைக் காலடிபோல் தோன்றியதால் அப்பெயர் வந்ததாம்.

இனி 1873ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வொரே ஆண்டில், பிரிட்டனின் இரு வேறு மூலைகளில் இரு நிகழ்ச்சிகள் நடைபெற்றன. ஏப்ரல் மாதத்தில் லண்டன் நகரில் எஸ். இ. ஷர்லி என்னும் கனவானும் அவருடைய நண்பர்களும் கூடிக் கென்னல் கிளப் என்னும் சங்கத்தை நிறுவினர். அக்டோபர் 9ஆம் நாள், வேல்ஸ் நாட்டில் பாலா என்னும் சிற்றூரில், லாயிட் பிரைஸ் என்னும் நிலக்கிழார் மந்தை நாய்களுக்கான போட்டி ஒன்றை நடத்தினார். பிரிட்டனில் முறையாக நடந்த முதல் மந்தை நாய்ப் போட்டி அதுவே என்று கூறுவர். வேல்ஸில் குடியேறியிருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் ட்வீட் என்னும் தம் நாயுடன் வந்து, உள்ளூரார் வியக்கப் பரிசைத் தட்டிச் சென்றார்.

இரண்டு நிகழ்ச்சிகளும் நாய் மீதுள்ள அன்பினால் எழுந்தவையே. ஆனால் இரண்டும் கேட்ட கேள்விகள் வேறு. லண்டன் சங்கத்தின் முதல் கவலை, கண்காட்சிகளை ஒழுங்குபடுத்துவது. பிரிட்டனில் நாய்க் கண்காட்சி 1859ஆம் ஆண்டில் நியூகாசில் நகரில் தொடங்கியது. வேட்டைக்குத் துணைபோகும் இரு வகை நாய்கள் மட்டுமே அங்கே காட்டப்பட்டன. பிறகு கண்காட்சிகள் பெருகின. பொய்யும் புரட்டும் உடன் பெருகின. பெயர் குழப்பம் ஒருபுறம்: ரோவர் என்ற பெயரிலும் பாப் என்ற பெயரிலும் எத்தனையோ நாய்கள்! எந்த ரோவர் எந்தப் பரிசைப் பெற்றது என்பதை எவரே அறிவார்? ஆகவே 1859ஆம் ஆண்டு முதல் நடந்த கண்காட்சிகளின் விவரங்களைத் தொகுத்து, 1874ஆம் ஆண்டில் கென்னல் கிளப் தன் முதற் பதிவேட்டை வெளியிட்டது. 1880ஆம் ஆண்டில் பெயர்ப் பதிவு முறையும் ஏற்பட்டது. தொடக்கத்தில் அஃது ஓர் அடையாளக் குறிப்பே. குழப்பத்தை நீக்க அஃது இன்றியமையாததாகவும் இருந்தது.

நாளடைவில் அவ்வேடு வேறொரு ஆற்றலைப் பெற்றது. ஒவ்வொரு வகை நாய்க்கும் உயரம் இன்னது, காது இவ்வாறு, நிறம் இவ்வாறு என்று இலக்கணம் வகுக்கப்பட்டது. அவ்விலக்கணத்தின்படி நடுவர் பரிசளித்தார். பரிசு பெற்ற நாயின் குட்டிக்கு விலை ஏறியது. விலை ஏறியதனால் அந்நாயே மிகுதியாகப் பொலிக்கு விடப்பட்டது. ஸ்காட்லாந்து மந்தை நாய்களுக்கும் கண்காட்சியில் தனிப் பிரிவு ஏற்பட்டது. விக்டோரியா அரசியார் பால்மோரல் மாளிகையில் அவ்வின நாய்களை விரும்பி வளர்த்தார். செல்வர் வீடுகளில் அவற்றுக்கு மதிப்புப் பெருகியது. அடர்ந்த மயிரும் நீண்ட முகமும் கொண்ட அழகிய காலி நாய் இவ்வாறு உருப்பெற்றது. லாஸி என்னும் திரைப்பட நாயைக் கண்டவர்கள் அவ்வழகை அறிவார்கள். குன்றுப்புற மேய்ப்பரோ அந்த அழகனைத் தேடிச் செல்லவில்லை. நடுவர் நாயை நோக்குவது சில நிமிடங்கள். அங்கே ஆடும் இல்லை, குன்றும் இல்லை. காணாத குணத்திற்கு எவ்வாறு பரிசளிப்பது? பரிசளிக்காத குணம் எவ்வாறு நிலைக்கும்?

மேய்ப்பர்களிடமோ அந்நாளில் அச்சிட்ட ஏடு இல்லை; நினைவே ஏடாக இருந்தது. 1893ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நார்தம்பர்லாந்துப் பகுதியில் ஆடம் டெல்பர் என்னும் விவசாயியிடம் ஒரு குட்டி பிறந்தது. அதற்கு ஹெம்ப் என்று பெயரிட்டார். தந்தை ராய் என்பது இனிய குணமுள்ள நாய். ஆனால் உற்று நோக்கும் 'கண்' அதற்கு மிகுதியாக இல்லை. தாய் மெக் என்பதோ கூச்ச குணமுடையது. 'கண்' அதற்கு அளவுக்கு மிஞ்சியே இருந்தது. ஒன்றின் குறையை மற்றொன்றின் மிகையால் நிரப்பலாம் என்று டெல்பர் கருதினார். இரண்டின் நலமும் ஹெம்பிடம் கூடி வந்தன. ஓசையின்றி, கடுமையின்றி, ஆடுகள் அஞ்சி ஓடாதவாறு அது வேலை செய்ததைக் கண்ட மேய்ப்பர்கள் தங்கள் பெட்டை நாய்களை நெடுந்தூரத்திலிருந்தும் அதனிடம் கொண்டுவந்தனர். 1901ஆம் ஆண்டில் அஃது இறந்தபோது இருநூறு குட்டிகளுக்குத் தந்தையாகியிருந்தது என்று கூறுவர். இன்று உலகெங்கும் மந்தை காக்கும் அவ்வின நாய்களின் வம்சக் கோடுகளைப் பின்னோக்கித் தொடர்ந்தால் அவை ஹெம்பிடம் சென்று சேர்கின்றன.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஹெம்ப் எந்தச் சான்றிதழும் பெற்றுப் பிறக்கவில்லை. சான்றிதழ் தரும் சங்கமே அப்போது இல்லை. 1906ஆம் ஆண்டில்தான் ஸ்காட்லாந்தின் ஹாடிங்டன் என்னும் ஊரில் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து மேய்ப்பர்கள் கூடி அனைத்துநாட்டு மந்தை நாய்ச் சங்கத்தை நிறுவினர். 1922ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டாரும் சேர்ந்தனர். இச்சங்கத்தின் பதிவேட்டில் ஹெம்புக்கு 9 என்னும் எண் வழங்கப்பட்டது. அது மறைந்த பின்னர்க் கிடைத்த எண் அது. நாய் முதலில், ஏடு பின்னர் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

அச்சங்கம் தன் ஏட்டில் நிறத்திற்கும் காதுக்கும் இலக்கணம் வகுக்கவில்லை. காது நிமிர்ந்திருக்கலாம், மடிந்திருக்கலாம். மயிர் நீண்டிருக்கலாம், குறுகியிருக்கலாம். ஆண்டுதோறும் போட்டிகளை நடத்தி, அவற்றில் சிறந்தவை எவையென்று உலகறியச் செய்தது. அச்சிறந்தவற்றின் பிறப்பை ஏட்டில் எழுதி வைத்தது. 'பார்டர் கோலி', அதாவது எல்லைப்புற மந்தை நாய் என்ற பெயரும் அச்சங்கத்தின் செயலாளராக இருந்த ஜேம்ஸ் ரீட் என்பவர் 1915ஆம் ஆண்டில் வழங்கியதே. பிற மந்தை நாய்களினின்றும் தங்கள் நாய்களை வேறுபடுத்திக் காட்டவே அவருக்கு அப்பெயர் தேவைப்பட்டது.

ஆனால் செயலையே சோதித்துவிட்டால் ஏடு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். தக்க கேள்வி. குட்டி பிறந்து ஓராண்டேனும் வளர்ந்த பின்பே அதன் வேலைத் திறம் தெரியும். எட்டு வாரக் குட்டியை வாங்கும் மேய்ப்பன் எதைக் கண்டு வாங்குவான்? தாய் தந்தையரின் செயலைக் கண்டே வாங்குவான். அத்தாய் தந்தையர் எவையென்று உறுதி கூறுவது ஏடு. இஃது ஒரு பயன். மற்றொரு பயன் இதனினும் பெரிது. கண்ணுக்குப் புலப்படாத தீங்கை அவ்வேடு முன்கூட்டி உணர்த்தும்.

1963ஆம் ஆண்டில் பிறந்த விஸ்டன் கேப் என்னும் நாயின் கதையை இதற்குச் சான்றாகக் கூறலாம். 1965ஆம் ஆண்டில் அனைத்துநாட்டுப் போட்டியில் அது முதலிடம் பெற்றது. மந்தைமுன் தாழ்ந்து நிற்கும் அதன் உருவமே சங்கத்தின் சின்னமாயிற்று. அதன் மக்களுள் மூன்று நாய்கள் அதே உச்ச வெற்றியை எய்தின. பேரன்மாருள்ளும் மூன்று எய்தின. எனவே அதனிடம் பெட்டைகள் வந்து குவிந்தன. நிற்க, அதன் வம்சாவளியை விரித்துப் பாருங்கள். பெற்றோர் 2, பாட்டன் பாட்டியர் 4, அவர்களின் பெற்றோர் 8 என்று இரட்டித்துக்கொண்டே போனால் ஏழாம் தலைமுறையில் 128 பெயர்கள் வரவேண்டும். ஆனால் ஜே. எம். வில்சன் என்பவரின் கேப் என்னும் ஒரே நாயின் பெயர் அவ்வேழு தலைமுறைக்குள் பதினாறு இடங்களில் காணப்படுகிறது. மிகச் சிறந்த நாய் என்பதால் எல்லோரும் அதனையே நாடினர். அதனால் உறவுக்குள்ளேயே உறவு பின்னிக்கொண்டது.

இதில் என்ன தீங்கு? உயிர்நூல் கற்கும் மாணவர்கள் மெண்டல் கண்ட விதியை நினைவுகூர்க. சில நோய்க் கூறுகள் ஒன்று மட்டும் இருந்தால் வெளிப்படுவதில்லை. தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இரண்டு சேர்ந்தால்தான் நோயாக வெளிப்படும். மறைவாக அக்கூற்றைச் சுமக்கும் இரு நாய்கள் கூடினால், குட்டிகளுள் நாலில் ஒன்று நோயுடன் பிறக்கும் என எதிர்பார்க்கலாம். ஒரே மூதாதை இருபுறமும் இருக்கும்போது அவ்வாறு கூடும் வாய்ப்பு ஏறுகிறது. காலி இனத்து நாய்களுக்கு விழியின் உட்பகுதி சரிவர வளராத ஒரு பிறவிக் குறை உண்டு. விழித்திரை நாளுக்கு நாள் தேய்ந்து பார்வை மங்கும் வேறொரு நோயும் உண்டு. கண்ணாலேயே வேலை செய்யும் நாய் கண்ணை இழந்தால் அதன் தொழில் என்னாவது! ஆகவே பெற்றோரின் கண்களை மருத்துவர் சோதிக்கவேண்டும் என்ற விதியைச் சங்கம் மேற்கொண்டது. முதலிற் கூறிய பிறவிக் குறைக்குக் காரணமான மரபணு மாற்றம் எது என்பதையும் அறிஞர்கள் 2007ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சிறிதளவு குருதியே இன்று அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். குறையைச் சுமக்கும் நாய் என்று தெரிந்தவுடன் அதனைத் தள்ளிவிட வேண்டுவதில்லை. குறையற்ற துணையோடு அதனைச் சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் அந்நோய் வெளிப்படாது. அதன் வேலைத்திறமும் இழக்கப்படாது. ஏடும் சோதனையும் கைகோக்கும்போது விளையும் நன்மை இது.

பதிவேட்டின் கதவு எப்போதும் மூடியே இருக்கவேண்டுமா என்பது அடுத்த வினா. பெரும்பாலான கண்காட்சிச் சங்கங்களின் முறையில், தாயும் தந்தையும் ஏட்டில் இருந்தாலொழிய குட்டிக்கு இடமில்லை. மந்தை நாய்ச் சங்கத்தாரோ ஒரு சிறு வாயிலைத் திறந்து வைத்தார்கள். 'தகுதி வழிப் பதிவு' என்று அதனைத் தமிழில் கூறலாம். பெற்றோர் பெயர் ஏட்டில் இல்லாத நாயாயினும், சங்கத்தார் முன்னிலையில் மந்தையை ஓட்டித் தன் திறத்தை மெய்ப்பித்து, உடல் நலமும் உடையதென்று சோதனையில் தேறினால், அதனை ஏட்டில் சேர்த்துக்கொள்ளலாம். தேர்வு கடினமானது, தேறுவன சிலவே. எனினும் அவ்வாயில் திறந்திருப்பது பெரிது. பெயர் தெரியாத ஏதோ ஒரு பண்ணையில் மற்றொரு ஹெம்ப் பிறந்திருந்தால், அது வெளியே நின்றுவிடலாகாது அல்லவா?

கதவு மூடியிருந்தால் விளையும் தொல்லைக்கு டால்மேஷியன் நாய் ஒரு சான்று. கோச்சு வண்டிகளுடன் ஓடிவந்த புள்ளி நாய் அது. அவ்வினம் முழுவதிலும் ஒரு குறை பரவிவிட்டது. சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து கல்லடைப்பு உண்டாகும். குறையற்ற மரபணு அவ்வினத்திற்குள் தேடினாலும் கிடைக்காத நிலை. 1973ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஷைபில் என்பவர் பாயின்டர் இன நாய் ஒன்றோடு ஒரே ஒரு முறை கலந்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷியன்களோடேயே சேர்த்து, நோயற்ற புள்ளி நாய்களைப் பெற்றார். 1981ஆம் ஆண்டில் அமெரிக்கக் கென்னல் கிளப் அவற்றுள் இரண்டைப் பதிவு செய்தது. இனத் தூய்மை கெடும் என்று வளர்ப்போர் பலர் எதிர்த்தமையால் கதவு மீண்டும் சாத்தப்பட்டது. அது திறக்க 2011ஆம் ஆண்டு வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. முப்பது ஆண்டுகள்! அக்காலமெல்லாம் வாயற்ற உயிர்கள் வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தன. ஏடு நாய்க்காக ஏற்பட்டது என்பது மறந்து, நாய் ஏட்டிற்காக ஏற்பட்டது என்றாகிவிட்டதன் விளைவு அது.

ஜெர்மானியர் மற்றொரு வழியைக் கண்டனர். நம்மவர் அல்சேஷியன் என்று வழங்கும் ஜெர்மன் மந்தை நாய்க்கு ஏடு வகுத்தவர் மாக்ஸ் ஃபான் ஸ்டெபனிட்ஸ் என்னும் குதிரைப்படை அதிகாரி. 1899ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கார்ல்ஸ்ரூஹ நகரில் ஒரு நாயைக் கண்டு, உடனே அதனை விலைக்கு வாங்கி, ஹோரன்ட் என்று பெயர் மாற்றி, தம் சங்கத்தின் ஏட்டில் முதல் எண்ணில் பதிந்தார். வேலையே அவ்வினத்திற்கு அளவுகோல் என்பது அவர் கொள்கை. ஆடு மேய்க்கும் வேலை குறைந்த காலத்தில், மோப்பம், கீழ்ப்படிதல், காவல் ஆகிய சோதனைகளை அச்சங்கம் ஏற்படுத்தியது. அவற்றில் தேறாத நாய்களைப் பெற்றோராக்குவதற்கு அச்சங்கத்து விதிகள் தடை செய்கின்றன. அழகும் வேண்டும், ஏடும் வேண்டும், வேலையும் வேண்டும் என்னும் முத்திறக் கொள்கை இது. எனினும் காலப்போக்கில் அங்கும் கண்காட்சிக் கிளை என்றும் வேலைக் கிளை என்றும் இரண்டாகப் பிரிந்துவிட்டதை நாம் காண்கிறோம். பரிசு எந்தப் பக்கம் பெரிதோ, வளர்ப்போரின் நாட்டம் அந்தப் பக்கம் சாய்வது இயல்பு. விதி மட்டும் அதனை முற்றும் தடுத்துவிட முடிவதில்லை.

எல்லைப்புற நாய்க்கும் அச்சோதனைக் காலம் வந்தது. பிரிட்டனின் கென்னல் கிளப் 1976ஆம் ஆண்டில் பார்டர் கோலியைக் கண்காட்சிக்குரிய இனமாக ஏற்றது. மேய்ப்பர்களின் அச்சத்தை எண்ணி அங்கே ஒரு சமரசமும் ஏற்பட்டது. அழகுக்குப் பரிசு வென்ற நாய் மந்தைச் சோதனையிலும் தேறினால்தான் முழுமையான வெற்றிப் பட்டத்தைப் பெறலாம். தேறாவிட்டால் கண்காட்சிப் பட்டத்தோடு நிற்கவேண்டியதுதான். அமெரிக்காவில் பிணக்கு முற்றியது. மேய்ப்பர்களும் போட்டியாளர்களும் கடுமையாக எதிர்த்தும், அந்நாட்டுக் கென்னல் கிளப் 1995ஆம் ஆண்டில் அவ்வினத்தை முழு உரிமையுடன் ஏற்றுக்கொண்டது. அதற்கு மறுமொழியாக, வேலை நாய்களைப் பதியும் அமெரிக்கப் பார்டர் கோலிச் சங்கம் வியக்கத்தக்கதொரு விதியை இயற்றியது. ஒரு நாய் அழகுக் கண்காட்சியில் வெற்றிப் பட்டம் பெற்றால், அதன் பெயர் தம் ஏட்டிலிருந்து நீக்கப்படும்! ஓரிடத்தில் பட்டம் தேடித்தரும் செயல் மற்றோரிடத்தில் பெயரை இழக்கச் செய்கிறது.

கண்காட்சியினரையும் நாம் பழித்துவிடலாகாது. அவர்கள் கூறும் நியாயமும் உண்டு. எல்லோரிடமும் ஆட்டு மந்தை இல்லை. நகர வீட்டில் வாழ்பவருக்கு மலையிலேயே ஓடித் திரியும் வேகமுடைய நாய் பெருந்தொல்லையாகும். உடலமைப்பில் கவனம் செலுத்துவதால் கால் எலும்பும் இடுப்பும் செம்மையாய் அமைந்த நாய்களை வளர்க்கலாம் என்பது அவர்கள் கருத்து. மந்தைக்காரர்களிடத்திலும் குறை உண்டு. போட்டியில் வெல்லும் ஒரே நாயை எல்லோரும் நாடி ஓடியதால் விளைந்த நெருக்கத்தை மேலே கண்டோம். போட்டி மைதானத்தின் ஒழுங்கும் பனிக்காலத்து மலைச்சாரலின் கடுமையும் ஒன்றல்ல என்று வயதான மேய்ப்பர்கள் குறைகூறுவதும் உண்டு. எந்தத் தேர்வும் வாழ்க்கையின் ஒரு துண்டையே அளக்கிறது. போட்டியாயினும் கண்காட்சியாயினும், அளக்கப்பட்டது பெருகும், அளக்கப்படாதது தேயும்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். இவ்வேடுகள் எல்லாம் நெடுங்காலம் வரை இரண்டு மனிதர்களின் வாய்மையையே நம்பி நின்றன. இந்த ஆண் நாய் இந்தப் பெட்டையோடு சேர்ந்தது என்று உரியவர்கள் கையொப்பமிட்டு அனுப்பினால், எழுத்தர் அதனை எழுதிக்கொண்டார். கையொப்பம் பொய்யானால் அதன்மேல் எழுந்த பத்துத் தலைமுறைக் கட்டடமும் பொய்யே. இன்று மரபணுச் சோதனையால் தந்தையை உறுதி செய்யலாம். ஆயினும் எல்லாக் குட்டிக்கும் எல்லா ஊரிலும் அதனைச் செய்வார் இல்லை. மழையில் நனைந்த சட்டையோடு விளக்கடியில் அமர்ந்து, தன் நாயின் குறையையும் மறைக்காமல் எழுதிய ஒரு மேய்ப்பனின் நாணயத்தில்தான் அந்தப் பெரிய ஏடு உயிர்வாழ்கிறது.

மாணவ நண்பர்களே, ஓர் எச்சரிக்கையும் கூறிவிடுகிறேன். நாயின் பிறப்பைப் பேசிய இப்பேச்சை மனிதர் பிறப்பின்மேல் ஏற்றிப் பார்த்தல் கூடாது. நாயை நாம் ஒரு தொழிலுக்கெனத் தேர்ந்து வளர்க்கிறோம். மனிதனை எவரும் அவ்வாறு வளர்க்கவும் இல்லை. வளர்க்க உரிமையும் இல்லை. பிறப்பைக் கொண்டு மனிதனை மதிப்பிட்ட கொடுமையை நம் நாடு போதுமான அளவு கண்டுவிட்டது. நாயினிடத்திலேகூடப் பிறப்பேடு போதாது, செயல் வேண்டும் என்று கூறி, பெயரற்ற நாய்க்கும் ஒரு வாயில் வைத்தார்கள் அம்மேய்ப்பர்கள் என்பதை மட்டும் மனத்திற் கொள்ளுங்கள்.

எனவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருகிறேன். வம்சாவளிச் சான்று ஏட்டுச் சுரைக்காயா? ஏட்டில் எழுதியவன் தோட்டத்தையும் கண்டவனாயின், அவ்வேடு அடுத்த பருவத்திற்கு எந்த விதையைத் தெளிப்பது, எந்த விதையில் பூச்சி இருக்கிறது என்பதைக் கூறும். தோட்டத்தைக் காணாமல் எழுதினவனாயின், அது சுரைக்காயின் படம் மட்டுமே. உங்கள் கையிலும் நாளை ஒரு சான்றிதழ் வரும். பிறர் சான்றிதழைச் சோதிக்கும் இடத்திலும் உங்களுட் பலர் அமர்வீர்கள். அப்போது என் தந்தையார் சந்தையில் கேட்டதை நீங்களும் கேட்க வேண்டும். பல்லையும் சுழியையும் பார்த்தது போதும். வண்டியில் பூட்டிக் காட்டுங்கள்.